மணலுக்குள் பதர்

விதைநெல் தேர்வதை ஊரில் பார்த்திருப்பீர்கள். அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து அதில் கல்லுப்பைக் கொட்டிக் கரைப்பார்கள். ஒரு கோழிமுட்டையைப் போட்டால் முதலில் முழுகிவிடும். உப்பு ஏற ஏற முட்டை மெல்ல மேலே வந்து, எட்டணா அகலத்துக்கு முதுகைக் காட்டி மிதக்கும். அதுதான் பதம். அப்புறம் நெல்லைக் கொட்டினால் முற்றிய மணி அடியில் உட்காரும், பதரும் அரைமணியும் மேலே வந்துவிடும்.

கடற்கரை மணலுக்குள் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்று கண்டுபிடிக்க உலகெங்கும் ஆய்வகங்களில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். நெல்லுக்குப் பதில் மணல், பதருக்குப் பதில் பிளாஸ்டிக். அதைப் பிறகு பார்ப்போம். மணலுக்குள் பிளாஸ்டிக்கைத் தேட வேண்டிய அவசியம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடலில் கொட்டப்படும் பிளாஸ்டிக்கின் அளவும் கடல்மேல் மிதக்கக் காண்கிற பிளாஸ்டிக்கின் அளவும் ஒத்துப்போவதில்லை. மிதப்பது மிகக் குறைவு. மீதி எங்கே? இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்ப்சனும் அவருடன் வேலை செய்தவர்களும் 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய சிறிய கட்டுரை கேட்டது இந்தக் கேள்வியைத்தான். பிளிமத்தைச் சுற்றியுள்ள கடற்கரை, கழிமுகம், கடலடி ஆகியவற்றிலிருந்து மண் எடுத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படாத அளவில் நைலான், பாலியெஸ்டர், அக்ரிலிக் துணுக்குகள் அதில் கிடந்தன. ‘மைக்ரோபிளாஸ்டிக்’ என்ற சொல் ஊர் உலகமெல்லாம் பரவியது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். தமிழில் நுண்நெகிழி என்கிறோம்.

எவ்வளவு சிறிதாக இருந்தால் அதை மைக்ரோ என்பது? 5 மில்லிமீட்டருக்குக் கீழே, அதாவது நல்ல பருமனான மிளகு ஒன்றின் அளவிலிருந்து தொடங்கி கேழ்வரகு, ரவை, மாவு என்று இறங்கி, கண்ணுக்கே தெரியாத தூள் வரை. அந்த 5 மி.மீ. இயற்கை போட்ட கோடு அல்ல. 2008இல் அமெரிக்காவில் கூடிய ஆய்வாளர்கள் வசதிக்காக ஒத்துக்கொண்ட எல்லை, அப்படியே நிலைத்துவிட்டது.

இந்தத் துணுக்குகளில் சில பிறக்கும்போதே சிறிசு. பிளாஸ்டிக் குடமோ நாற்காலியோ செய்யும் ஆலைக்கு மூலப்பொருள் வருவது குருணை வடிவத்தில்தான். ஜவ்வரிசி மாதிரி இருக்கும் ஒரு குருணையின் எடை சுமார் 20 மில்லிகிராம். 25 கிலோ மூட்டை ஒன்றில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். கிடங்கில் ஒரு மூட்டை கிழிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கூட்டித் தள்ளுவார்கள், அது வடிகாலுக்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்கு.

மூட்டை கிழிவது இருக்கட்டும், கப்பலே கவிழ்ந்தால்? 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. நாள்கணக்கில் எரிந்து ஜூன் மாதம் மூழ்கியது. அதிலிருந்து கடலில் கொட்டிய குருணை சுமார் 1,680 டன். உலகில் இதுவரை பதிவான குருணைக் கசிவுகளில் மிகப் பெரியது அதுதான். மேலே சொன்ன 20 மில்லிகிராம் கணக்கைப் போட்டால் 8,400 கோடிக் குருணைகள் வருகின்றன. நீர்கொழும்புக்குப் பக்கத்தில் சரக்குவ கடற்கரை அன்று பனி பெய்ததுபோல் வெள்ளையாகக் கிடந்தது. பாதுகாப்பு உடை போட்ட கடற்படையினர் மண்வெட்டியும் சல்லடையுமாக அள்ளிய படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. தீயில் உருகிக் கருகிய கட்டிகளும் குருணையோடு கலந்து வந்ததுதான் பெரிய தொல்லை. வெள்ளைக் குருணையை மணலில் அடையாளம் காணலாம். கருகிய கட்டி கல்லா, கரியா, பிளாஸ்டிக்கா என்று பிரிப்பது கடினம். போதாததற்குக் கையில் எடுத்தாலே அது உதிரும்.

நான்கு வருடம் கழித்து நம் பக்கமும் நடந்தது. 2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது குருணை மூட்டைகள் திருவனந்தபுரம் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. எக்ஸ்பிரஸ் பேர்ல் விபத்துக்குப் பிறகு, குருணையை நல்ல உறுதியாகப் பொதிந்து, முடிந்தவரை மேல்தளத்துக்குக் கீழே வைத்து ஏற்றுங்கள் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் சொல்லியிருந்தது வெறும் பரிந்துரைதான்.

ஆனால் கப்பல் விபத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் செய்தி. தினமும் நடக்கிற உற்பத்தி வேறொன்று. அதற்கு ஆலை நாம் உலாவப் போகும் கடற்கரையேதான். பெரிய பிளாஸ்டிக்கைச் சிறியதாக அரைப்பதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியாத அந்த மணலில் கிடக்கும் கேரிபேக்கின் மேல் புற ஊதாக் கதிர் நேராக அடிக்கிறது. சூடும் காற்றும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. பொருள் மொறுமொறுப்பாகிறது. அலை வந்து மணலோடு தேய்த்தால் அப்பளம்போல் நொறுங்குகிறது. அதே பை குளிர்ந்த கடலடியில் கிடந்தால் வெயிலும் இல்லை, சூடும் இல்லை, அதனால் அங்கே நொறுங்குவது மிக மெதுவாகத்தான் நடக்கும். மணலுக்குள் ஆழமாகப் புதைந்தாலும் அப்படியே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இவற்றோடு துணி நூலையும் சேர்க்க வேண்டும். ஒரு பாலியெஸ்டர் உடையை ஒருமுறை வாஷிங் மெஷினில் போட்டால் 1,900க்கும் மேற்பட்ட நூலிழைகள் உதிரலாம் என்று 2011இல் மார்க் பிரவுன் என்ற ஆய்வாளரின் குழு அளந்து சொன்னது. சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகும் அந்த இழைகள் ஆறு கண்டங்களின் கரைகளில் அவர்கள் எடுத்த மண்ணிலும் இருந்தன. கரையோரக் குப்பங்களில் வலை பொத்தும்போது நறுக்கி விழும் நைலான் துண்டு, படகில் சுரண்டும் பெயின்ட், டயர் தேய்மானத் தூள், தெர்மகோல் மீன்பெட்டி என்று மற்ற வரவுகளை அடுக்கிக்கொண்டே போகலாம்.

சரி, இவை எப்படிப் போய்ப் படிகின்றன? கேரிபேக் செய்கிற பாலித்தீன், பாட்டில் மூடி செய்கிற பாலிபுரோப்பிலீன் இரண்டுமே தண்ணீரைவிட இலேசு. கடல்நீரின் அடர்த்தி 1.025 என்றால் இவை 0.9க்கும் 0.96க்கும் இடையில். மிதக்கத்தானே வேண்டும்? புதிதாக இருக்கும்வரை மிதக்கும். சில வாரத்தில் அதன்மேல் வழவழவென்று பாசி படியும், சிப்பிக்குஞ்சு ஒட்டும், களிமண் ஒட்டும். எடை கூடியதும் இறங்கிவிடும். மிதக்கும் துணுக்கைக் கடலில் மிதந்து வாழும் சிற்றுயிரி விழுங்கிக் கழித்தால் கழிவோடு சேர்ந்து இறங்கும். தண்ணீர் பாட்டில் செய்கிற பெட், குழாய் செய்கிற பிவிசி இரண்டுக்கும் இந்தச் சுற்றுவழி வேண்டாம். அடர்த்தி 1.4ஐ ஒட்டி இருப்பதால் நேராகவே இறங்கிவிடும்.

இறங்கிய துணுக்கு எங்கே தங்கும் என்பதை நீரோட்டம் தீர்மானிக்கிறது. வேகமாக ஓடும் தண்ணீர் கனமானதைக்கூடத் தூக்கிக்கொண்டு போகும். வேகம் தணிந்த இடத்தில்தான் இலேசானவை படியும். அதனால் அலை அடித்துக்கொண்டேயிருக்கும் திறந்த மணல்கரையைவிட, சத்தமில்லாத கழிமுகச் சேற்றில் துணுக்குகள் தங்குவது எளிது. பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டில் வேர்கள் தண்ணீரை நிறுத்தி நிறுத்தி அனுப்புகின்றன. வண்டல் படிவதற்காகவே அமைந்த இடம் பிளாஸ்டிக்குக்கும் வசதியாகிவிடுகிறது. மணல்கரையிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. அலை ஏறிவந்து திரும்பும் இடத்தில் சருகும் நுரையும் சிப்பி ஓடும் ஒரு கோடாகக் கிடக்குமே, மிதப்பதெல்லாம் ஒதுங்குவது அங்கேதான். பத்தடி தள்ளிப் போனால் கணக்கே மாறிவிடும்.

ஆழ்கடலிலும் இதே கதைதான். இத்தாலிக்கு மேற்கே டிரேனியக் கடலின் அடியில், அடிநீரோட்டம் வண்டலைக் கொண்டுவந்து குவிக்கும் இடத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பின் மெல்லிய மேல்படிவில் 19 லட்சம் துணுக்கு வரை இருந்ததாக 2020இல் ஒரு குழு எழுதியது. ‘மேலேயிருந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும்’ என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய திருத்தம். கடலடியிலும் ஆறு மாதிரி ஓட்டங்கள் உண்டு. அவையும் குப்பையைக் கூட்டி மூலையில் சேர்க்கின்றன.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. சென்னைக் கடற்கரைகளில் 2015 மார்ச்சில் எண்ணிய குருணைகளைவிட, நவம்பர் வெள்ளத்தின்போது எண்ணியவை மூன்று மடங்கு. கூவமும் அடையாறும் ஊருக்குள்ளிருந்து அடித்து வந்தவை அவை. வெள்ளத்தை நாம் வீட்டுக்குள் புகுந்த தண்ணீராக நினைவு வைத்திருக்கிறோம். கடற்கரை அதைக் குருணையாக நினைவு வைத்திருக்கிறது.

இனி அந்த உப்புத் தண்ணீருக்கு வருவோம். இதை நீங்களே செய்யலாம். நான் அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு காலை வேளையில், ரவை சல்லடையும் எவர்சில்வர் கரண்டியுமாகக் குந்தி உட்கார்ந்தபோது வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: “இன்னா சார், செயின் எதுனா வுட்டுட்டியா?” பிளாஸ்டிக் தேடுகிறேன் என்றேன். அவர் சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்தார். “இத்துக்குப் போயி சல்லடையா?”

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியாதது. குப்பைக் கோட்டிலிருந்து மேல்மணலை விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துவந்தேன். பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்தால் டப்பாவே கணக்கில் சேர்ந்துவிடும். வெயிலில் உலர்த்தி, சலித்து, ஒரு டம்ளர் மணலை ஜாடியில் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் உப்பு கரையும், அதற்குமேல் போட்டால் அடியில் தங்கிவிடும். அந்தக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.2. உப்புக் கரைசலையும் முதலில் காபி வடிகட்டும் காகிதத்தில் வடிகட்ட வேண்டும். ஏனென்றால் கடலுப்பிலேயே பிளாஸ்டிக் உண்டு. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் நம் நாட்டு உப்புகளில் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

கலக்கிவிட்டு ஒரு மணி நேரம் விட்டேன். மணலின் அடர்த்தி 2.65, அது கலக்கி முடிப்பதற்குள் அடியில் உட்கார்ந்துவிட்டது. மேலே மிதந்தது ஒரு சின்னச் சந்தை: சவுக்கு இலைத் துணுக்கு, கரி, காய்ந்த பாசி, ஒரு எறும்பு, இரண்டு தெர்மகோல் முத்து, நீலக் கயிற்றின் பிசிறு, பச்சையில் ஒரு நூல், கண்ணாடிபோல் மின்னிய தகடு ஒன்று. அந்தத் தகடு பிளாஸ்டிக்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் தொட்டால் பிளாஸ்டிக் இளகும் அல்லது சுருளும். மரமும் பாசியும் கருகும். தொட்டேன். முடி பொசுங்கும் நாற்றம். மீன் செதில்!

இன்னொரு பாடமும் அன்றே கிடைத்தது. ஜாடிக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீர் வைத்த ஒரு கிண்ணத்தையும் திறந்து வைத்திருந்தேன். மணலே போடாத அந்தக் கிண்ணத்தில் மாலையில் இரண்டு நூல் மிதந்தது, ஒன்று நீலம். நான் கட்டியிருந்த லுங்கியும் நீலம். அப்படியானால் ஜாடியில் மிதந்த நூலில் எது கடலுடையது, எது என்னுடையது? ஆய்வகங்களில் இப்படி ஒரு வெற்றுக் கிண்ணம் வைத்து, அதில் விழுந்ததைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். வெற்றுக் கிண்ணம் வைக்காத ஆய்வின் நூல் கணக்கை நான் நம்ப மாட்டேன்.

உப்புத் தண்ணீரின் குறை என்னவென்றால் 1.2க்கு மேல் அடர்த்தி உள்ளவற்றை அது தூக்காது. கேரிபேக், தெர்மகோல், நைலான் எல்லாம் வரும். பாட்டில் பெட்டும் அதே பொருளால் ஆன பாலியெஸ்டர் நூலும் பிவிசியும் மணலோடு அடியிலேயே இருந்துவிடும். இவற்றையும் தூக்க ஆய்வகத்தில் துத்தநாகக் குளோரைடு அல்லது சோடியம் அயோடைடு கரைப்பார்கள். முன்னது அரிக்கும், வீட்டில் வேண்டாம். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பாசி, செதில் போன்றவற்றைக் கரைத்துவிட்டு, மிஞ்சியதை அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பார்கள். ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அந்த ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் விழுங்கும். அதை வைத்து இது பாலித்தீன், இது நைலான் என்று பெயர் சொல்லிவிடலாம். கண்ணால் மட்டும் பார்த்து எண்ணியவருக்குச் செதிலும் பிளாஸ்டிக்தான், எனக்கு ஆனதுபோல.

இதனால்தான் செய்தியில் வரும் எண்களைப் பார்த்ததும் பதறத் தேவையில்லை என்கிறேன். ‘ஒரு கிலோ மணலில் இத்தனை’ என்று ஒருவர் சொல்வார், ‘ஒரு சதுர மீட்டரில் இத்தனை’ என்று இன்னொருவர். இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. 1 மி.மீ. சல்லடை வைத்தவருக்குக் கிடைப்பது குறைவு, 0.1 மி.மீ. வைத்தவருக்கு மிக அதிகம். குப்பைக் கோட்டில் அள்ளினாரா, அலை நனைக்கும் இடத்திலா, மழைக்கு முன்னா பின்னா, நூலைச் சேர்த்தாரா விட்டாரா என்பது தெரியாமல் ‘அந்த ஊர்க் கடற்கரைதான் மோசம்’ என்று பட்டியல் போடுவது எனக்கு வெறும் விளையாட்டாகத்தான் படுகிறது. இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். அரை மில்லிமீட்டர் மணலானால் ஒரு கிலோவில் ஐம்பது லட்சத்துக்கு மேல் மணிகள் இருக்கும். அதில் நூறு துணுக்கு என்பது எவ்வளவு அரிது! அந்த அரிதைத்தான் தேடியெடுக்கிறார்கள்.

தீங்கு உண்டா என்றால், மண்ணைத் தின்று வாழும் உயிர்களிடம் தொடங்க வேண்டும். சேற்றுக்குள் வளை தோண்டி மண்ணையே விழுங்கி, அதிலுள்ள சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் கடற்புழுக்கள் உண்டு. மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிவிசித் தூளைக் கலந்து அவற்றை வளர்த்தபோது உடலில் சேமித்த ஆற்றல் பாதிவரை குறைந்தது என்று ஒரு இங்கிலாந்துச் சோதனை காட்டியது. ஆனால் நூற்றுக்கு ஐந்து என்பது மிக அதிகம், பெரும்பாலான கரைகளில் அந்த நிலை இல்லை. பிளாஸ்டிக் நஞ்சை ஈர்க்கும் என்பதும் உண்மை. தோக்கியோவில் ஹிதெஷிகே தகாதாவின் குழு, கடலில் கிடந்த குருணையில் பிசிபி போன்ற வேதிப்பொருள்கள் சுற்றியுள்ள நீரைவிடப் பத்து லட்சம் மடங்கு வரை செறிந்திருப்பதை 2001இல் காட்டியது. இப்போது உலகெங்குமிருந்து தபாலில் வரும் குருணையை வைத்தே எந்தக் கடல் எவ்வளவு மாசுபட்டது என்று அவர்கள் பார்க்கிறார்கள். அந்த நஞ்சு மீனுக்கு அதிகமாகப் போவது பிளாஸ்டிக் வழியாகவா, வழக்கமான இரை வழியாகவா என்பதில் மட்டும் ஆய்வாளர்களுக்குள் வாதம் தீரவில்லை. பல இடங்களில் இரைதான் பெரிய வழி என்பவர்கள் பக்கம் எனக்கு நியாயம் தெரிகிறது.

அள்ளி எடுத்துவிடலாமே? குருணையை முடியும். தண்ணீர்த் தொட்டியில் மணலைக் கொட்டினால் அது மிதந்து வரும். ரவை அளவுத் துணுக்கை எடுக்க மணல் முழுவதையும் சலிக்க வேண்டும். சல்லடையில் முதலில் சாவது மணலுக்குள் வாழும் நண்டுக்குஞ்சும் புழுவும்தான். பங்குனி ஆமை முட்டையிடும் கரையில் அதைச் செய்ய யாரும் துணிய மாட்டார்கள். எடுக்கிற வேலை பெரிய துண்டு நொறுங்குவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் சரக்குவவில் சல்லடை பிடித்தவர்களைக் கேளுங்கள்.

எடுக்காமல் விட்டது அடுக்காகிறது. கலிபோர்னியாவில் சான்டா பார்பராவுக்கு வெளியே கடலடிச் சேற்றில் குழாயை இறக்கி, 1834 முதல் 2009 வரையிலான படிவை வெட்டி எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அடுக்குகளிலிருந்து துணுக்குகள் ஏறிக்கொண்டே வந்து, ஏறக்குறைய 15 வருடத்துக்கு ஒருமுறை இரட்டித்திருந்தன. பெரும்பாலும் துணி நூல். மரத்தில் வளையம் எண்ணுவதுபோல் அதைப் படிக்கிறார்கள்.

எனக்குக் குழாய் வேண்டியிருக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் அதே இடத்துக்குப் போனேன். அலை கரையை அரித்து இடுப்பளவு உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி வைத்திருந்தது. வெட்டில் கறுப்பு மணல், வெள்ளை மணல் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. முழங்கால் உயரத்தில் ஓர் அடுக்கிலிருந்து ஷாம்பூ பாக்கெட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் நீட்டியிருந்த முனை பொடிப்பொடியாக உதிர்ந்து, எது மணல் எது பாக்கெட் என்று தெரியாமல் காலடியில் விழுந்தது. மண்ணுக்குள் இருந்த மீதியை உருவினேன். சாயம்கூடப் போகவில்லை, எழுத்தெல்லாம் நேற்று அச்சடித்ததுபோல் இருந்தது. விலை 50 காசு.